கிழங்கு வராத மாதங்கள்

அறிவுச்செல்விக்கு டென்னிஸ் ஆடவேண்டும் என்ற ஆசை பிடித்தபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணவன் மாதேஷ் போர்வெல் ரிக் வண்டியோடு ஜாம்பியாவில் இருந்தான். கம்பெனி மனது வைத்தால் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, தார்ச்சாலையை ஒட்டிய வீட்டில் அவளும் மாமியார் குஞ்சம்மாளும் மட்டும் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள். காலையில் மாட்டைப் பார்த்துவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து அவள் வேலைக்குப் போவாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதில் பெண்கள் விடுதி அலுவலகத்தில் வேலை.

அந்தக் கல்லூரியின் பின்பக்கம் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. நடுவில் நீலம், சுற்றிலும் பச்சை, ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை. சேர்க்கை நேரத்தில் ஊர் ஊராக ஒட்டுகிற போஸ்டரில் அதன் படம் கட்டாயம் இருக்கும். படத்தில் ஒரு பெண் மட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கோர்ட்டின் வாசலில் எப்போதும் பூட்டு தொங்கும்.

ஒரு மாசி மாதம், ஆய்வுக் குழு வருகிறது என்று கோர்ட்டைக் கழுவிவிடும் வேலை அறிவுச்செல்வி தலையில் விழுந்தது. துப்புரவுப் பெண்கள் தண்ணீர் அடித்துத் தேய்த்துவிட்டுப் போன பிறகு, சாவியை ஒப்படைக்கப் போகவேண்டியவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஈரம் காய்ந்துகொண்டிருந்த தரை சொரசொரவென்று பாதத்தைப் பிடித்தது. பின்கோட்டில் போய் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெறுங்கையை ஒருதரம் வீசினாள். தோள் அதை மறந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் பூப்பந்து ஆடியவள். ஐந்து பேர் அணியில் பின்வரிசை. மஞ்சள் உல்லன் பந்து, செம்மண் தரை, வெறுங்கால். மாவட்டப் போட்டிக்கு நாமக்கல் வரைக்கும் போய்வந்தாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம். அதற்கப்புறம் மட்டை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதை நினைத்து அவள் ஏங்கியதில்லை. அன்றைக்கு அந்த நீலத் தரையில் நின்றபோதுதான், இவ்வளவு நாளும் தன் வலதுகை ஒன்றும் செய்யாமல் கிடந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

மறுநாளே நிர்வாக அலுவலர் பாலசுந்தரத்தின் அறைக்குப் போனாள்.

"ஏனுங்க சார், சாயங்காலம் வேலை முடிஞ்சப்புறம் அரை மணி நேரம் அந்தக் கோர்ட்டுல ஆடிக்கட்டுங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீங்க ஆடுவீங்களாம்மா?"

"ஸ்கூல்ல பூப்பந்து ஆடியிருக்கறனுங்க. இதையும் பழகிக்குவனுங்க."

"புள்ளைங்களுக்கே அதைத் தொறந்து உடறதில்லைங்கம்மா. மேல போட்டிருக்கற கோட்டிங் பேந்துபோச்சுன்னா மறுபடியும் போட லட்சக்கணக்குல ஆவுமாம். தாளாளர் என்னையத்தான் புடிப்பாரு." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது பாக்கறதுக்குன்னு போட்டதுங்கம்மா. உட்டுருங்க."

அவளால் விட முடியவில்லை. டவுனில் ஒரு கிளப் இருக்கிறது, டாக்டர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் காலையில் அங்கே ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு போன் செய்தாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மெம்பர்ஷிப் உங்க ஊட்டுக்காரர் பேர்லதானுங்க எடுக்கணும். அவரு மெம்பர் ஆனா நீங்களும் வரலாமுங்க."

"அவரு ஜாம்பியாவுல இருக்காருங்க."

"அப்ப அவரு வந்தப்புறம் பேசிக்கலாமுங்க."

நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்ன தொகைக்கு ஒரு பழைய சரக்கு வண்டியே வாங்கி ஓட்டலாம். சரிங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போகவர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் அவள் போனில் டென்னிஸ்தான் பார்த்தாள். கோப்பை வாங்குகிறவர்களின் ஆட்டத்தைவிட, பெயர் தெரியாதவர்கள் தங்கள் ஊர்க் கோர்ட்டில் ஆடி எடுத்துப் போட்ட வீடியோக்கள் அவளுக்குப் பிடித்தன. ஓரிடத்தில் தரை முழுக்கப் புல். கல்யாண மாப்பிள்ளையின் கிராப்பு மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார்கள். இன்னோரிடத்தில் செங்கல்லை இடித்துத் தூளாக்கிப் பரப்பியிருந்தார்கள். ஆடினவர்கள் கணுக்கால்வரை சிவந்து வெளியே வந்தார்கள். குளிர்நாட்டில் கூரைக்குள்ளே ஜமக்காளம் மாதிரி விரித்து ஆடினார்கள். எங்கேயோ ஒரு நகரத்தில் பூங்காவுக்குள் கோர்ட் திறந்தே கிடந்தது. மட்டையை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்; முறை வந்ததும் ஆடலாம். கிழவிகள்கூட ஆடினார்கள். அதை நகராட்சி பராமரிக்கிறது என்று வீடியோ எடுத்தவர் சொன்னபோது, தன் ஊரில் பஞ்சாயத்துத் தொட்டி மோட்டார் ஓடாமல் கிடப்பது ஞாபகம் வந்து அறிவுச்செல்வி பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாள்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்தது. பூப்பந்தில் பந்து தரையைத் தொட்டால் ஆட்டம் போச்சு. இதில் தரையைத் தொட்டு எழும்பி வருகிற பந்தைத்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வந்தது. செங்கல் தூளில் நின்று நிதானித்து வந்தது. அப்படியென்றால் தரையும் கூட ஆடுகிறது. எந்தத் தரையும் கிடைக்காதவளுக்கு இந்த ஞானத்தால் ஏக்கம்தான் கூடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதேஷ் கூப்பிடுவான். அப்படியொரு ஞாயிறில் தயங்கித் தயங்கி அவனிடம் சொன்னாள்.

"டென்னிஸா?" என்று முதலில் சிரித்தான். அவள் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான். "நெசமாத்தான் சொல்றயா செல்வி?"

"ஆமாங்க மாமா. கை அரிக்குதுங்க."

அதற்கப்புறம் அவனிடமிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. தலைநகர் லுசாக்காவில் உதிரிபாகம் வாங்கப்போன இடத்தில் வேலிக்கு வெளியே நின்று எடுத்த ஒரு கோர்ட். கூடவேலை செய்தவன் ஊருக்குப் போகும் வழியில் துபாய் ஓட்டல் ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பிய ஒன்று. அடுக்குமாடிகளுக்கு நடுவே பாலைவனத்தில் பச்சையாக ஒரு செவ்வகம், யாருமே இல்லை. எதற்கும் அவன் ஒரு வார்த்தை எழுதமாட்டான். படம் மட்டும் வரும். அவளும் ஒரு வார்த்தை எழுதமாட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் கரண்டு பில், மகள் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி என்றே போயிருந்தது. இந்தப் படங்கள் அந்தக் கணக்கில் சேராதவை.

சித்திரை பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரிடம் கல்லூரியில் வேலை என்று சொல்லிவிட்டு அவள் சேலத்துக்கு பஸ் ஏறினாள். மணிக்கணக்குக்குக் காசு கட்டினால் ஆட விடுகிற கோர்ட் ஒன்றை விசாரித்து வைத்திருந்தாள். சுடிதாரும், விளையாட்டு விழாவுக்கு எப்போதோ வாங்கிய கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள். மேசையில் இருந்த ஆள் சிநேகமாகக் கேட்டான். "கோச்சிங் யாருக்குங்க மேடம், பையனா பொண்ணா?"

"எனக்குத்தானுங்க."

அவன் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு காசை வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரத்துக்கு வாங்கியது அவளுடைய ஒருநாள் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. மட்டை வாடகை தனி. "கூட ஆடறதுக்கு ஆள் வேணுன்னா அதுக்கும் தனிங்க," என்றான். அதையும் கட்டினாள். வந்தாயிற்று, திரும்பிப் போகவா முடியும்.

கூட ஆட வந்தவன் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சநாளே ஆன பயிற்சியாளன். மெதுவாகப் போட்டுத் தந்தான். உல்லன் பந்து பழகிய கைக்கு டென்னிஸ் பந்து கல்லாகக் கனத்தது. முதல் பந்துகள் வலையைத் தாண்டவே இல்லை. அடுத்தது கம்பி வேலியைத் தாண்டியது. பாதி நேரம் கழிந்த பிறகுதான், எழும்பி வருகிற பந்துக்கு ஒரு கணம் பொறுக்கவேண்டும் என்பது கைக்குப் புரிந்தது. பொறுத்து அடித்தாள். 'டொப்' என்று நிறைவாக ஒரு சத்தம். பந்து எதிர்ப்பக்க மூலையில் கோட்டின் மேலேயே விழுந்தது. பயிற்சியாளன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான்.

பஸ்ஸில் திரும்பும்போது முழங்கால் இரண்டும் வலித்தன. சங்ககிரி மலை தூரத்தில் தெரியும்வரை அந்த ஒரு சத்தத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். அதோடு, இதை வாராவாரம் செய்ய முடியாது என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பணம் ஒரு பக்கம். மாமியாரிடம் சொன்ன பொய் ஒரு பக்கம். அதைவிட, கூலி கொடுத்துக் கூட்டிவந்த ஆளோடு ஆடியது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. நேரம் முடிந்ததும் அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆட்டம் முடிந்து எதிரும் புதிருமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்க ஆள் இல்லை.

அன்றைக்கு மாதேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஒரு படம் வந்தது. இந்தமுறை கூடவே அவனும் கூப்பிட்டான்.

"இதைப் பாரு செல்வி. கிட்வேக்குப் பக்கத்துல, தாமிரச் சுரங்கத்துக்காரங்க அந்தக் காலத்துல போட்டதாம். இப்ப அந்தக் கிளப்பும் இல்ல, வேலியும் இல்ல. ஆர் வேணுன்னாலும் வந்து ஆடறாங்க. காசில்ல. எங்க கம்ப்ரசர் வண்டி ஓட்டற முசோண்டா தெனமும் இங்கதான் ஆடறான், செருப்புக்கூட இல்லாம."

படத்தில் தரை அடர்சிவப்பாக, மெழுகினதுபோல் இருந்தது.

"இது என்ன மண்ணுங்க மாமா?"

"புத்து மண்ணு. கரையான் புத்து. இங்க ஒவ்வொண்ணும் ஊட்டு ஒசரம் நிக்குது. அதை ஒடைச்சு, சலிச்சு, தண்ணி தெளிச்சு உருளையில அமுக்கிருவாங்களாம். மழை வந்தாலும் சீக்கிரத்துல கரையாதாம்."

அறிவுச்செல்விக்கு உடனே பொறி தட்டியது. காட்டோரம் வேலமரத்தடியில் ஒரு புற்று இருந்தது. அதற்குமேல் ஓடைப்பக்கம் இன்னும் சில இருந்தன. அன்று சாயங்காலம் மாமியார் பால் கறந்துகொண்டிருந்தபோது மெதுவாக அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். குஞ்சம்மாள் கறப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"புத்தை ஒடைக்கறதா? ஏன் சாமி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வெள்ளிக்கெழமையானா பாலூத்தி மஞ்சத்துணி கட்டற எடம் அது. பந்தடிக்கறதுக்கா அதை இடிப்ப?"

"இல்லீங்கத்தை, சும்மா கேட்டனுங்க."

"ஆப்பிரிக்காக்காரனுக்கு அது மண்ணு. நமக்கு அது ஆத்தா ஊடு."

அதோடு அந்த யோசனை முடிந்தது. மாமியார் சொன்னதில் தப்பிருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை. அந்தப் புற்றுக்கு மஞ்சள்துணி கட்டி வேண்டிக்கொண்டுதான் அவள் மகளையே பெற்றாள்.

கடைசியில் தரை கிடைத்தது அவள் தினம் பஸ்ஸில் கடந்துபோன இடத்தில்தான். வசந்தாமணியின் சேகோ ஆலை. அந்தப் பக்கத்துக் கிழங்கெல்லாம் அங்கேதான் போகும். கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, மாவாகவும் ஜவ்வரிசியாகவும் வெயிலில் காயவைப்பார்கள். அதற்காக ஆலையின் முன்னால் கண்ணுக்கெட்டும்வரை சிமெண்டுக் களம் போட்டிருக்கும். ஆவணியிலிருந்து பங்குனிவரை அந்தக் களம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். புளித்த வாடை பஸ்ஸுக்குள்ளேயும் வரும். சித்திரையில் கிழங்கு வரத்து நின்றால் அரவையும் நின்றுவிடும்.

கிழங்குப் பணம் பாக்கி விஷயமாகப் பேசுவதற்காக ஒரு சனிக்கிழமை அறிவுச்செல்வி ஆலைக்குப் போனாள். பேசவந்ததை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். களம் கழுவிவிட்டு மொட்டையாகக் கிடந்தது. கல்லூரிக் கோர்ட்டைப்போல பல கோர்ட்டுகள் அதில் அடங்கும். சாம்பல் நிறத்தில், வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல்.

வசந்தாமணி கணவன் இறந்த பிறகு தனியாக ஆலையை நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"என்ன அம்மிணி, களத்தை அப்படிப் பாக்கற? வெலைக்குக் கேக்கப்போறயா?"

"இல்லீங்கக்கா. கெழங்கு வராத மாசத்துல இதுல பந்தடிச்சுக்கட்டுங்களா?"

"ஆரு அடிக்கறது?"

"நானுங்கக்கா."

வசந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பாள் என்று அறிவுச்செல்வி எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அடிச்சுக்க. செருப்புப் போட்டுட்டு ஏறக்கூடாது. சுண்ணாம்புல கோடு கீடு போட்டீன்னா அப்புறம் என் மாவு வெளங்காது. எச்சி துப்பக்கூடாது. கூட ஆரு ஆடறது?"

"பாக்கலாமுங்கக்கா," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வைகாசியில் மாதேஷ் லீவில் வந்தான். பெட்டியைத் திறந்து அம்மாவுக்குப் போர்வை, மகளுக்குப் போன் என்று எடுத்து வைத்தான். அடியிலிருந்து ஒரு டப்பா பந்தும் துண்டில் சுற்றிய இரண்டு டென்னிஸ் மட்டைகளும் வந்தன. ஒரு மட்டை கொஞ்சம் புதுசு. மற்றது கைப்பிடி கறுத்துப்போனது.

"ஒண்ணு உனக்கு."

"இன்னொண்ணு?"

"சும்மா, சேத்துக் குடுத்தான் முசோண்டா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை இருவரும் களத்துக்குப் போனார்கள். பந்தல் காய்க்குக் கட்டுகிற நைலான் வலையை இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினார்கள். கோட்டுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. வசந்தாமணி தொட்டியின் அடியில் படிந்துகிடந்த கழிவு மாவைக் காட்டி, "இதைக் கரைச்சுப் போடுங்க, கழுவுனா போயிரும்," என்றாள். கோலம் போடுகிற பழக்கத்தில் அறிவுச்செல்வி குனிந்து கயிறு பிடித்து மாவுக்கோடு இழுத்தாள். காய்ந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

மாதேஷ் எதிர்ப்பக்கம் போய் நின்றான். ரிக் கம்பி தூக்கித் தூக்கி மரத்துப்போன தோள்கள். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். கம்பம் மாதிரி நிற்கப்போகிறான், பந்தைப் பொறுக்கிப் போட்டால் போதும் என்று நினைத்து அவள் மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். அவன் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் திரும்பி, சரியாக அவள் காலடிக்குத் திருப்பி அடித்தான்.

அவள் மட்டையை இறக்கிவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, இதை எங்க படிச்சீங்க?"

மாதேஷுக்குக் காது சிவந்துவிட்டது. "அந்தப் புத்து மண்ணுலதான். நீயி ஒருத்தியா சேலம் போயிட்டு வந்தேன்னு சொன்னியே. அதுக்கடுத்த வாரத்துலருந்து முசோண்டா கூடப் போறேன். எம்பட கையில மொதல்ல பந்தே படல. அந்த ஊருப் பொடுசுகளெல்லாம் சிரிச்சுதுங்க." மட்டையால் தரையைத் தட்டினான். "அங்க பந்து நின்னு வரும் செல்வி. இங்க என்ன, ஆளை மீறிப் பறக்குது."

அவள் பந்தை எடுத்துப் போட்டாள்.

அந்த லீவு முழுக்க, வெயில் ஏறுவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அவர்கள் ஆடினார்கள். சிமெண்டில் பந்து சீறிக்கொண்டு வந்தது. மாவுத் துகள் ஒட்டிய இடத்தில் வழுக்கியது. பந்தின் மயிர் சீக்கிரத்திலேயே தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. மாதேஷுக்குப் பலம் அதிகம். ஆனால் எங்கே பந்து விழும் என்று முன்கூட்டியே தெரிகிற பின்வரிசைக்காரியின் கண் அவளிடம் இருந்தது. அவனை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விரட்டினாள். தோற்றபோதெல்லாம் அவன் பீப்பாயில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கச் சிரித்தான். ரோட்டில் போகிற வண்டிகள் நின்று வேடிக்கை பார்த்தன. சிலர் கேலி பேசினார்கள். குஞ்சம்மாள் ஒருநாள் தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்தாள். கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, "அக்கட்டயும் இக்கட்டயும் ஓடறதுக்கு ஒரு மூட்டை கெழங்கு பிடுங்குனா ஆகாதா?" என்றாள். ஆனாலும் மகன் தவறவிட்ட பந்தை அவள்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் மாவுத்தொட்டிச் சுவரில் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள். அந்த நேரத்தில் மாதேஷ் நிறையப் பேசினான். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத ஊர்களைப் பற்றி. பாறையில் மாட்டிக்கொண்ட கம்பியைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்பெல்லாம் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருப்பானாம். இந்த இருபது வருஷத்தில் இதையெல்லாம் அவன் அவளிடம் சொன்னதே இல்லை.

ஆனி கடைசியில் அவன் கிளம்பினான். பழைய மட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டான். பஸ் ஏறும்போது, "பந்து தேஞ்சுபோச்சு, புதுசு வாங்கிக்க," என்று மட்டும் சொன்னான்.

ஆடியில் மழை பிடித்தது. ஆவணி பிறந்து முதல் கிழங்கு லோடு ஆலைக்கு வந்த அன்று வசந்தாமணி வலையைச் சுருட்டிக் கிடங்கில் போட்டாள். ஒரே வாரத்தில் களம் வெள்ளையாகிவிட்டது. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளித் தள்ளிக் காயவைத்தார்கள். தினம் காலையில் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அறிவுச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்புவாள். வலை கட்டிய இடம் எது, அவன் நின்ற மூலை எது என்று கண் தானாகத் தேடும். எல்லாம் ஒரே வெள்ளை. தைமாதத்தில் கல்லூரியில் மறுபடியும் ஆய்வுக் குழு வந்தது. நீலக் கோர்ட்டைக் கழுவச் சொன்னார்கள். கழுவித் தந்தாள். இந்தமுறை உள்ளே போகத் தோன்றவில்லை.

மாசியில் மாதேஷ் கூப்பிட்டபோது அவன் குரல் சரியில்லை. "இந்த வருஷம் லீவு இல்லைன்னுட்டாங்க செல்வி. புது ஒப்பந்தம் புடிச்சிருக்காங்க, ஆள் பத்தல. அடுத்த வருஷந்தான் வாரேன்."

"சரிங்க மாமா," என்றாள். போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போனவள், போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

சித்திரை முடியும்போது வசந்தாமணி ஆள்விட்டாள். களம் கழுவியாயிற்று, வலை கிடங்கில் இருக்கிறது என்று. போகாமல் இருந்துவிடலாம் என்று அறிவுச்செல்வி நினைத்தாள். ஆளில்லாத களத்துக்குப் போய் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம் வந்ததும் கால் நிற்கவில்லை. மட்டையையும் புதுப்பந்துகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தனியாகவே வலையைக் கட்டினாள். தனியாகவே மாவுக்கோடு இழுத்தாள். பகல் வெயில் குடித்த சிமெண்ட் இன்னும் பாதத்தைச் சுட்டது. பின்கோட்டில் நின்று பந்தைத் தூக்கிப்போட்டு அடித்தாள். அது எதிர்க்கட்டத்தில் விழுந்து, யாரும் தடுக்காததால் களத்தின் மறுகோடிவரை உருண்டு போய் நின்றது. கையில் இருந்த பந்துகளையெல்லாம் அடித்து முடித்ததும் வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். பந்துகளைப் பொறுக்கி அங்கிருந்து இந்தப் பக்கம் அடித்தாள்.

ஆலை அறையின் நிழலில் நின்று வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிச் சுவரின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

போன் அடித்தது. மாதேஷ்தான். அங்கே மத்தியானம்.

"எங்க இருக்கற? மூச்சு வாங்குது?"

"களத்துலங்க."

அவன் சொன்னான். "நானும் கோர்ட்டுலதான் நிக்கறேன். முசோண்டா மட்டையை எடுத்துட்டு வந்துட்டான். போனை வெச்சிராத. ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல எங்காச்சும் வெய்யி."

அவள் போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள். பின்கோட்டுக்குப் போனாள். பந்தை அடித்தாள், சிமெண்டில் படீரென்று தெறித்து ஓடியது. அது உருண்டு அடங்கிய பிறகு, போனிலிருந்து மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரமண்ணில் தேங்காய் விழுந்த மாதிரி. அப்புறம் இன்னொன்று. யாரோ அந்த ஊர்ப் பாஷையில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். மாதேஷும் சிரித்தான்.

அறிவுச்செல்வி அடுத்த பந்தைக் கையில் எடுத்தாள். உடனே அடிக்கவில்லை. அவன் அடிக்கும் சத்தம் மறுபடி வரட்டும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு கோட்டின் மேல் நின்றாள்.